டிடி350 ஜோடி: 20,000 ரூபாய்க்கு மேக்ரோ இரட்டை ஃபிளாஷ் தேறுமா?

தேறும். பூச்சி மாதிரிச் சின்னவற்றை மிக நெருக்கத்தில் எடுக்கும் மேக்ரோவுக்கு, கோடாக்ஸ் டிடி350 என்ற சின்ன ஃபிளாஷ் இரண்டு, அவற்றை வயரில்லாமல் அடிக்க வைக்கும் அதே கம்பெனியின் எக்ஸ்2டி டிரிக்கர் ஒன்று, ஒரு முழம் அலுமினியப் பட்டை, இரண்டு சின்ன பால் ஹெட், ரீசார்ஜ் பேட்டரிகள், வெளிச்சத்தைப் பரப்பி மென்மையாக்கும் டிஃப்யூசருக்கு இரண்டு மூன்று வகை ஷீட். எல்லாம் சேர்த்து 20,000 ரூபாயை ஒட்டி வரும். ஆன்லைன் தள்ளுபடியைப் பொறுத்து ஓராயிரம் ஈராயிரம் முன்னே பின்னே இருக்கலாம். கேனானின் எம்டி-26இஎக்ஸ்-ஆர்டி மாதிரியான கம்பெனி ட்வின் ஃபிளாஷுக்கு இதைப்போலப் பல மடங்கு கொடுக்க வேண்டும். படத்தில் தெரியும் வித்தியாசம் அத்தனை மடங்கு இல்லை. பூச்சியின் முதுகில் விழும் வெளிச்சம் எப்படி இருக்கும் என்பதைத் தீர்மானிப்பது ஃபிளாஷை விட அதற்கு முன்னால் நிற்கும் டிஃப்யூசர்தான். அதனால் இந்த ரிவ்யூவில் ஃபிளாஷுக்கு ஒரு பங்கு என்றால் டிஃப்யூசருக்கு இரண்டு பங்கு.

கிருஷ்ணகிரி மாந்தோப்பில் பூப்பூக்கும் காலத்தில் பூங்கொத்தில் ஒட்டியிருக்கும் தத்துப்பூச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். நீளம் 4, 5 மி.மீ. அதை 1:1 உருப்பெருக்கத்தில், அதாவது சென்சாரில் அதன் உண்மை அளவிலேயே விழும்படி, எஃப்/11 வைத்து எடுத்தால், ஏபிஎஸ்-சி சென்சார் கேமராவில் கூர்மையாக வரும் ஆழம் ஏறத்தாழ 0.8 மி.மீ.தான். அதற்கே எஃப்/11 வேண்டும். ஆனால் 1:1-க்குப் போகும்போது லென்ஸ் வெளிச்சத்தைத் தின்றுவிடும். எஃப் எண்ணோடு (1 + உருப்பெருக்கம்) பெருக்கிப் பாருங்கள்: எஃப்/11 என்று வைத்தது சென்சாரைப் பொறுத்தவரை எஃப்/22 ஆகிவிடுகிறது, இரண்டு ஸ்டாப் காலி (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி). நிக்கான் பாடியில் நிக்கான் மேக்ரோ லென்ஸ் மாட்டினால் இந்தக் கணக்கைத் திரையிலேயே காட்டிவிடும், கேனான் காட்டாது. இதோடு காற்றில் ஆடும் கிளை, கையில் கேமரா. மர நிழலில் இயற்கை வெளிச்சத்தை மட்டும் நம்பினால் பத்தில் ஒன்று கூடத் தேறுவது சிரமம்.

சரி, ஒரு ஃபிளாஷ் போதாதா, ஏன் இரண்டு? வெளிச்சத்தைக் கூட்டுவதற்காக என்று பலர் நினைக்கிறார்கள். அது இரண்டாம் பட்சம். இந்த வகை ஃபிளாஷில் பவரைக் குறைக்கும்போது பிரகாசம் குறைவதில்லை, எரியும் நேரம்தான் குறைகிறது. ஒரே ஃபிளாஷை முழு பவரில் 1/8 பங்கில் அடிப்பதை விட இரண்டை 1/16-இல் அடித்தால் ஒவ்வொரு மின்னலும் குறுகியது; தேனீயின் இறக்கை இன்னும் நன்றாக உறையும். அடுத்தது, 1/16-இல் கெபாசிட்டர் கண் மூடித் திறப்பதற்குள் திரும்ப நிறைந்துவிடும். முழு பவரில் அடித்தால் டிடி350-க்கு இரண்டு விநாடிக்கு மேல் ஆகும், அதற்குள் பூச்சி போய்விடும். மூன்றாவது, நிழல் பக்கத்தைத் தனியாகக் கட்டுப்படுத்தலாம்.

கோடாக்ஸின் பெரிய ஃபிளாஷான டிடி600 ஏன் இல்லை என்று கேட்பார்கள். விலை கிட்டத்தட்ட அதே, பவர் அதிகம். மேக்ரோவில் அந்தப் பவருக்கு வேலையே இல்லை. பேட்டரி இல்லாமலே ஒன்று 400 கிராம், டிடி350 அதில் பாதி. டிடி600 ஒவ்வொன்றுக்கும் நான்கு ஏஏ பேட்டரி, ஜோடிக்கு எட்டு. கேமராவின் முன்பக்கம் ஒரு கிலோவைத் தொங்கவிட்டுக்கொண்டு வத்தல்மலையில் அரை நாள் நடந்தால் மணிக்கட்டு கேள்வி கேட்கும். வீட்டில் மேசை மீது முக்காலி வைத்து எடுப்பவருக்கு டிடி600 குறையே இல்லை. கோடாக்ஸின் எம்எஃப்12 மேக்ரோவுக்கென்றே செய்தது. லென்ஸின் முன்விளிம்பில் வளையம் போட்டு மாட்டலாம், மிகச் சிறியது, யூஎஸ்பி-சி சார்ஜ். ஆனால் பேட்டரி உள்ளேயே இருக்கிறது. தோப்பில் தீர்ந்துவிட்டால் பவர் பேங்கை எடுத்துக்கொண்டு உட்கார வேண்டும். விலையும் டிடி350 ஜோடியை விட நன்றாகவே கூட. 'மேக்ரோ ரிங் லைட்' என்ற பெயரில் மலிவாகக் கிடைக்கும் எல்இடி வளையத்தை வாங்காதீர்கள். அது ஃபிளாஷே இல்லை, தொடர்ந்து எரியும் சின்ன விளக்கு. அசைவை உறைய வைக்கும் பலம் அதற்குக் கிடையாது. பூச்சியின் கண்ணில் வெள்ளை வளையமும் விழும்.

பணம் இன்னும் குறைய வேண்டுமென்றால் டிரிக்கரைத் தவிர்க்கலாம். டிடி350-யே மாஸ்டராகவும் வேலை செய்யும். ஒன்றை டிடிஎல் (கேமராவே ஃபிளாஷ் அளவை முடிவு செய்யும் முறை) கேபிள் வழியாகக் கேமராவோடு இணைத்து, கட்டளையிடும் மாஸ்டர் ஆக்குங்கள், மற்றது அதற்குக் கட்டுப்படும் ஸ்லேவ். பவர் மாற்றுவதெல்லாம் முதல் ஃபிளாஷின் சின்னத் திரையில். டிஃப்யூசருக்குப் பின்னால் விரலை நுழைத்து பட்டன் தேடுவது எரிச்சல்தான். கேபிள் கிளையில் மாட்டும். அதற்கும் கீழே என்றால் டிடி520 II என்ற மலிவு ஃபிளாஷ் ஒரு ஜோடி. ஒன்று கேபிளில், மற்றது எஸ்1 நிலையில் முதல் ஃபிளாஷின் வெளிச்சத்தைப் பார்த்து அடிக்கும். அறைக்குள் சரியாக ஓடும். வெளியே வெயில் நேராக இரண்டாவதன் சென்சார் கண்ணில் பட்டாலோ, டிஃப்யூசர் ஷீட் மறைத்தாலோ இரண்டாவது அடிக்காது. முன்னே அடிப்பது டிடிஎல் நிலையில் உள்ள வேறு ஃபிளாஷாக இருந்தால் அதன் முன்மின்னலுக்கே எஸ்1 ஏமாந்து அடித்துவிடும். அதை மேனுவலில் வையுங்கள், இல்லை இரண்டாவதை முன்மின்னலைப் பொருட்படுத்தாத எஸ்2-க்கு மாற்றுங்கள்.

பட்டையும் போல்ட்டும்

ஆன்லைனில் வரும் இரட்டைக்கை பிராக்கெட்டுகள் டிடி350-ஐத் தாங்கும், கொஞ்ச நாளில் வளைகழுத்து தளரும். கையால் செய்வதே உறுதி. அலுமினியக் கதவு ஜன்னல் போடும் கடைகளில் துண்டுப் பட்டை கிடைக்கும். 25 மி.மீ. அகலம், 3 மி.மீ. தடிமன். 18 செ.மீ. நீளத் துண்டு ஒன்று கேமராவின் அடியிலிருந்து லென்ஸுக்குக் கீழே முன்னோக்கிப் போக வேண்டும். 24 செ.மீ. துண்டு ஒன்று அதன் முனையில் குறுக்காக. குறுக்குப் பட்டையின் இரு முனையிலும் பால் ஹெட், அதன்மேல் ஃபிளாஷ் நேராக நிற்கும், தலை மட்டும் உள்ளே சாய்ந்து பூச்சியைப் பார்க்கும். துளைகள் 6.5 மி.மீ. இரண்டு பட்டையும் சேரும் இடத்தில் இரண்டு போல்ட் போடுங்கள். ஒன்று போட்டால் எவ்வளவு முறுக்கினாலும் குறுக்குப் பட்டை சுழன்றுகொண்டே இருக்கும். கேமராவுக்கும் பட்டைக்கும் நடுவில் சைக்கிள் ட்யூப் துண்டு ஒன்று வைத்தால் வழுக்காது.

போல்ட்டில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். முக்காலித் துளையின் மரை கால் இஞ்ச், இஞ்ச்சுக்கு 20 சுற்று. ஹார்டுவேர் கடையில் கால் இஞ்ச் விட்வொர்த் போல்ட் கேட்டு வாங்குங்கள். அதுவும் 20 சுற்று, பொருந்தும். பார்க்க ஒரே மாதிரி இருக்கிறதென்று எம்6 கொடுத்துவிடுவார்கள். அது 6 மி.மீ. விட்டம், மரை இடைவெளி 1 மி.மீ. முதல் இரண்டு சுற்று ஏறும், பிறகு இறுகி கேமராவின் மரையைக் கெடுக்கும். அடுத்தது நீளம். பட்டையைத் தாண்டி 5 மி.மீ.க்கு மேல் போல்ட் கேமராவுக்குள் போகக் கூடாது. 3 மி.மீ. பட்டைக்கும் ஒன்றரை மி.மீ. வாஷருக்கும் 3/8 இஞ்ச் நீள போல்ட் கச்சிதம். அரை இஞ்ச் போல்ட் உள்ளே போய் அடித்தளத்தை முட்டும். ட்யூப் துண்டை வைத்த பிறகு ஒருமுறை அளந்துவிடுங்கள்.

இந்தப் பட்டை அமைப்பின் குறை, தரையோடு எடுக்கும்போது தெரியும். முதல் மழைக்குப் பிறகு செம்மண்ணில் ஊரும் தம்பலப்பூச்சியை அதன் மட்டத்துக்கு இறங்கி எடுக்கப் பார்த்தால் குறுக்குப் பட்டை மண்ணில் இடிக்கும். இதற்கு ஓசூர்க்காரர்களுக்கு நல்ல வழி இருக்கிறது. லேத், மில்லிங் மெஷினில் கூலண்ட் ஊற்றக் கணுக்கணுவாக வளையும் பிளாஸ்டிக் ஹோஸ் பயன்படுத்துகிறார்கள், மெஷின் டூல் சாமான் கடைகளில் அடி கணக்கில் கிடைக்கும். அரை இஞ்ச் அளவு வாங்குங்கள். கால் இஞ்ச் ஹோஸ் டிடி350-க்கே தலை குனியும். ஒரு கைக்கு 15 செ.மீ. போதும், நீட்ட நீட்டத் தொங்கும். முனையில் கால் இஞ்ச் போல்ட்டை எம்-சீல் வைத்துப் பதித்து, ஒரு நாள் காயவிட்டு, ஃபிளாஷின் அடிக்காலைச் செருகும் கோல்ட் ஷூவைத் திருகிக்கொள்ளலாம். கைகளைக் கேமராவின் இரு பக்கமும் மேலே ஏற்றிக்கொண்டால் லென்ஸின் அடிப்பகுதி காலியாக இருக்கும். பட்டை அளவுக்கு உறுதி இல்லை. பூச்சிக்குப் பூச்சி நிலை மாற்ற இதுவே வசதி.

டிஃப்யூசர்

வெறும் ஃபிளாஷை நேராகப் பொன்வண்டின் மேல் அடித்துப் பாருங்கள். பச்சையும் பொன்னுமாக மினுங்கும் முதுகில் இரண்டு வெள்ளைப் பொட்டு, மீதி கறுப்பு. பளபளப்பான ஓடு வெளிச்சத்தைச் சிதறவிடாது. தனக்கு எதிரே இருப்பதை அப்படியே பிரதிபலிக்கும். எதிரே சின்ன விளக்கு இருந்தால் சின்னப் பொட்டு, அகலமான வெள்ளைப் பரப்பு இருந்தால் முதுகு முழுக்க நிறம். ஆகவே தேவை இரண்டு: பூச்சியின் கண்ணுக்கு வெளிச்சப் பரப்பு பெரிதாகத் தெரிய வேண்டும், அந்தப் பரப்பில் எல்லா இடமும் ஒரே பிரகாசத்தில் இருக்க வேண்டும். முதலாவதற்கு டிஃப்யூசரைப் பூச்சிக்கு நெருக்கமாகக் கொண்டுபோக வேண்டும். தூரம் இரட்டித்தால் பரப்பு கால்வாசியாகச் சுருங்கிவிடும். இரண்டாவதற்கு இரண்டு அடுக்கு வேண்டும். ஒரே அடுக்கு வைத்தால் ஃபிளாஷுக்கு நேர் எதிரே மட்டும் வெளுத்து, ஓரம் மங்கலாகவே இருக்கும்.

முதல் அடுக்கு: டிவி, கண்ணாடிச் சாமான் சுற்றி வரும் வெள்ளை ஃபோம் ஷீட், 1 மி.மீ. தடிமன். இரண்டாக மடித்து ஒவ்வொரு ஃபிளாஷ் தலைக்கும் தொப்பி மாதிரி ரப்பர் பேண்டால் கட்டுங்கள், முகப்பில் ஒட்டாமல் ஒரு செ.மீ. இடைவெளி விட்டு. ஒட்டி வைத்து முழு பவரில் தொடர்ந்து அடித்தால் ஃபோம் உருகி ஃபிளாஷ் முகப்பில் கறை படியும். ஃபிளாஷின் ஜூமை 24 மி.மீ.க்கு இறக்குங்கள், கற்றை விரிந்து விழும்.

இரண்டாம் அடுக்குதான் பூச்சி பார்க்கும் பரப்பு. ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் பால் வெள்ளை பிளாஸ்டிக் ஃபைல் உறை, அரை மி.மீ. தடிமன், ஏ4 அளவு. தெளிவான உறை வேண்டாம். அச்சடித்த தாளை உறைக்குப் பின்னால் இரண்டு செ.மீ. தள்ளிப் பிடித்தால் எழுத்து தெரியக் கூடாது. ஷீட்டின் நடுவில் லென்ஸ் குழலை விட 2, 3 மி.மீ. குறைந்த வட்டம் வெட்டி, விளிம்பைச் சுற்றிச் சின்னக் கீறல் போட்டால் லென்ஸைக் கவ்விக்கொள்ளும். மேல் பாதியைக் குடை மாதிரி முன்னோக்கி வளைத்து, லென்ஸ் முனையைத் தாண்டி 4, 5 செ.மீ. நீட்டுங்கள். ஓரங்களைத் தையல் கடை வெல்க்ரோவால் பிடித்துவிட்டால் மடித்துப் பையில் வைக்கலாம். முதல் அடுக்குக்கும் இதற்கும் 6 முதல் 8 செ.மீ. இடைவெளி. இரண்டு ஃபிளாஷும் இந்த ஒரே குடைக்குள் அடிக்க வேண்டும். தனித்தனி டிஃப்யூசர் போட்டால் சிலந்தியின் எட்டுக் கண்ணிலும் இரண்டிரண்டு பொட்டு விழும். ஒரே குடையில் பிறை மாதிரி ஒற்றை ஒளி.

குடை எவ்வளவு நீளலாம் என்பதை லென்ஸ் முடிவு செய்யும். 55-250 லென்ஸின் முன் ரேனாக்ஸ் டிசிஆர்-250 என்ற குளோஸ்-அப் லென்ஸை மாட்டியவருக்குக் கண்ணாடியிலிருந்து பூச்சி வரை 12 செ.மீ.யைச் சுற்றி இடம் இருக்கும், தாராளம். 50 மி.மீ. லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் எக்ஸ்டென்ஷன் ட்யூப் என்ற வெற்றுக் குழல் போட்டவருக்கு இடம் மிகக் குறைவு. குடையை 2 செ.மீ.க்கு மேல் நீட்டினால் இலையில் பட்டு பூச்சி பறந்துவிடும்.

பட்டர் பேப்பரை இரண்டாம் அடுக்காகப் போடுவதைப் பரிந்துரைக்க மாட்டோம். லேசான மஞ்சள் ஏறும், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பனியில் நனைந்து சுருங்கும். டிரேசிங் பேப்பர் நிறம் சுத்தம், பனிக்கு அதுவும் ஆகாது. ஃபைல் உறையைத் துடைத்து மாட்டலாம்.

செய்து முடித்ததும் பூச்சியைத் தேடி ஓடாதீர்கள். சைக்கிள் கடையில் கால் இஞ்ச் பால்ரஸ் குண்டு ஒன்று வாங்கிக் கறுப்புத் துணியில் வைத்து 1:1-இல் எடுங்கள். குண்டின் மேல் உங்கள் டிஃப்யூசரின் முழு உருவம் தெரியும். நடுவில் வெளுப்பு இருந்தால் முதல் அடுக்கில் இன்னொரு மடிப்பு. இரண்டு தனி வெளுப்பு தெரிந்தால் ஃபிளாஷ் தலைகள் குடைக்கு மிக அருகில் இருக்கின்றன. கீழ்ப்பாதி முழுக் கறுப்பாக இருந்தால் பூச்சியின் வயிறும் அப்படித்தான் வரும். ஃப்ளெக்ஸ் கடையில் வீணாகும் வெள்ளை சன்போர்டில் உள்ளங்கை அளவு வெட்டி லென்ஸுக்குக் கீழே நீட்டிவிடுங்கள். இந்த ஒரு குண்டு பரிசோதனை மிச்சப்படுத்தும் நேரம் கொஞ்சமில்லை.

அளவுகளும் கோளாறுகளும்

தொடங்க வேண்டிய இடம்: கேமரா மேனுவல், எஃப்/11, ஐஎஸ்ஓ 200, ஷட்டர் 1/160, இரண்டு ஃபிளாஷும் மேனுவல் 1/16. கேனான் ஏபிஎஸ்-சி பாடிகளின் ஷட்டர் பெரும்பாலும் 1/200 வரை ஃபிளாஷோடு ஒத்துப்போகும். ரேடியோ டிரிக்கரில் 1/160 வைத்தால் படத்தின் ஓரத்தில் கறுப்புப் பட்டை விழும் பயம் இல்லை. டிடிஎல் இருக்கிறதே என்று அதை நம்ப வேண்டாம். தருமபுரிப் பக்கம் மல்பெரித் தட்டில் இருக்கும் வெண்ணிறப் பட்டுப்புழுவை டிடிஎல்லில் எடுத்தால் புழு சாம்பல் நிறமாக வரும், கறுப்பு வண்டை எடுத்தால் வெளுத்து வரும். மேக்ரோவில் உருப்பெருக்கம் மாறாதவரை பூச்சிக்கும் டிஃப்யூசருக்கும் உள்ள தூரமும் மாறாது. ஒரு தடவை சரியான பவரைக் கண்டுபிடித்துவிட்டால் அந்தக் காலை முழுக்க அதே பவர் செல்லும். பட்டுப்புழுவுக்கு மட்டும் மூன்றில் இரண்டு ஸ்டாப் குறைத்துக்கொள்ளுங்கள், தோலின் மடிப்புகள் நிற்கும்.

இரண்டும் சம பவரில் அடித்தால் படம் தட்டையாக இருக்கும். இடது 1/16, வலது 1/32 என்று வைத்தால் உருண்டை தெரியும். சிலந்தி, எறும்பு, முடி நிறைந்த புழுக்களுக்கு இது அழகு. பளபளப்பான வண்டுகளுக்குச் சம பவரே நல்லது.

பின்னணி கறுப்பாகிவிடுகிறது என்பது எல்லோரும் சொல்லும் குறை. ஃபிளாஷ் 10 செ.மீ. தூரத்தில் பூச்சிக்குச் சரியாக இருந்தால், 40 செ.மீ. தூரத்தில் இருக்கும் இலைக்கு ஏறத்தாழ பதினாறில் ஒரு பங்குதான் சேரும், நான்கு ஸ்டாப் இருட்டு. பூச்சிக்குப் பின்னால் ஒரு சாண் தூரத்துக்குள் பச்சை இலை வருமாறு கோணத்தை மாற்றுவது முதல் வழி. காற்று இல்லாத நேரமானால் ஐஎஸ்ஓ 800, ஷட்டர் 1/60 என்று இறக்கி, ஃபிளாஷைக் குறையுங்கள். காற்றடித்தால் பூச்சியின் ஓரத்தில் பேய் மாதிரி இரட்டைக் கோடு விழும்.

ஒரு ஃபிளாஷ் அடித்து மற்றது விட்டுவிட்டு அடித்தால் ஃபிளாஷ் பழுது என்று முடிவு கட்டாதீர்கள். டிரிக்கரும் ஃபிளாஷும் ஒரு சாண் தூரத்தில் இருக்கும்போது ரேடியோ சிக்னல் அதிகப்படியாகி இப்படி ஆகும். எக்ஸ்2டி-யின் அமைப்புகளில் தூரத்தை 0-30 மீட்டருக்கு மாற்றுங்கள், சரியாகிவிடும். பிறகும் தொடர்ந்தால் சேனலை மாற்றிப் பாருங்கள். தானாக அணையும் வசதியை மூன்றிலும் நிறுத்திவிடுங்கள். மிரர்லெஸ் கேமராவில் திரை கும்மிருட்டாகத் தெரிந்தால் படத்தின் வெளிச்சத்தைத் திரையில் முன்கூட்டிக் காட்டும் எக்ஸ்போஷர் சிமுலேஷனை அணைக்க வேண்டும்.

பேட்டரி 2000 எம்ஏஹெச் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு, சும்மா வைத்தாலும் சார்ஜ் இறங்காத வகை. இரண்டு ஃபிளாஷுக்கும் சேர்த்து நான்கு, டிரிக்கருக்கு இரண்டு, பையில் நான்கு. ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியாகப் பார்க்கும் சார்ஜர் வாங்குங்கள். ஏஏ அளவிலேயே 3.7 வோல்ட் லித்தியம் செல்லும் விற்கிறார்கள். அதைப் போட்டால் ஃபிளாஷ் போய்விடும். பழுதானால் வீட்டில் திறக்கவே கூடாது, கெபாசிட்டரில் 300 வோல்ட் அளவுக்கு மின்சாரம் தேங்கி நிற்கும்.

வாங்கும் முன் கேமராவின் தலையில் ஃபிளாஷ் மாட்டும் ஹாட் ஷூவைப் பாருங்கள். கேனான் 200டி மார்க் 2, 3000டி போன்ற சில பாடிகளில் நடுவில் இருக்கும் வட்டக் காண்டாக்ட் கிடையாது. ஒற்றை முள் ஃபிளாஷும் மலிவு டிரிக்கரும் இவற்றில் அடிக்காது. கேனானுக்கென்றே வரும் டிடிஎல் டிரிக்கர்தான் வேண்டும், அதையும் பாடியில் மாட்டி அடித்துப் பார்த்து வாங்குங்கள். டிடி350 கேனான், நிக்கான், சோனி என்று தனித்தனியாக வந்தாலும் ஸ்லேவாக வைக்கும்போது எது எதோடும் சேரும், டிரிக்கர் மட்டும் பாடிக்கு ஏற்றதாக இருந்தால் போதும். அதனால் கல்யாண ஸ்டுடியோக்காரர்கள் கழித்துவிடும் பழைய டிடி350-யையும் தைரியமாகப் பார்க்கலாம். பேட்டரி அறையில் பச்சைக் கறை இருக்கிறதா, ஃபிளாஷ் ட்யூபின் முனைகள் கறுத்திருக்கின்றனவா, அடிக்கால் ஆடுகிறதா என்று பாருங்கள். புது பேட்டரி போட்டு முழு பவரில் பத்துத் தடவை அடியுங்கள். ரெடி விளக்கு எரிய முதல் தடவைக்கும் பத்தாவது தடவைக்கும் எடுக்கும் நேரம் இரட்டிப்பாகிவிட்டால் கெபாசிட்டர் களைத்துவிட்டது, விட்டுவிடுங்கள்.